கேள்வி கேட்ட அக்காவை உட்காரச் சொல்லாத ஐயர்

சபை ஊழியர்களைக் கேள்வி கேட்டபோது, "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வேத வசனத்தைச் சொல்லி உங்கள் வாயை அடைத்ததாக இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனம் எங்கள் சேகரக் கூட்டத்திலும் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பிரிவுதான் சேகரம்) ஒருமுறை வந்தது. அதைச் சொன்னவர் ஐயர் அல்லர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம்). அவருக்காகப் பரிந்துகொண்டு வந்த கமிட்டி உறுப்பினர் ஒருவர்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துச் சபை. விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை முடிந்து ஏலக் கணக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பண்டிகை ஏலத்தில் சேவல் ஆட்டு விலைக்குப் போகும். ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்ற சந்தோஷத்தில் ஏற்றிக்கொண்டே போவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் எழுந்து, "நான் எடுத்த வாழைத்தாருக்கு ஐயர் கையில்தான் பணம் கொடுத்தேன். வரவில் அது இல்லையே" என்றார். முன்வரிசையிலிருந்து வசனம் பாய்ந்தது. "உட்காருங்கள் அம்மா" என்று இன்னொரு குரலும் வந்தது.

ஐயர் எழுந்தார். "அக்கா கேட்கட்டும். அவர்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ரசீதுப் புத்தகத்தை வாங்கி கார்பன் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அக்கா பெயரில் எதுவும் இல்லை. "நம் ஆலயப் பணியாள் கோயில்பிள்ளையின் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அந்தப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கமிட்டியைக் கேட்கவில்லை, ரசீதும் எழுதவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று நான் சொல்லக் கூடாது, அது என் பணம் அல்ல" என்றார். செலவாக எழுதிவிடலாம் என்று எல்லாரும் சமாதானம் சொன்னோம். எழுதலாம், ஆனால் தாம் கேட்காமல் எடுத்ததும் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஏறியது.

அன்றிலிருந்து பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையைக்கூட அவர் கையில் வாங்கியதில்லை. ஜெபித்துவிட்டுப் பொருளாளரைக் காட்டுவார். காணிக்கைப் பை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் முன்னால்தான் ஆலயத்தை ஒட்டிய அறையான வெஸ்டரியில் அவிழும். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைத் தம் உடன் ஊழியரான தீத்து ஒருவரை மட்டும் நம்பி விடாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் பவுல் உடன் அனுப்பினார் அல்லவா? தேவன் பார்க்கிறார், அது போதும் என்று பவுலே சொல்லவில்லை.

கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஊழியரிடம் இப்படிக் கணக்குக் கேட்பது கடினமாகிறது. 1948இல் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் கூடி, பணம், பெண்கள், உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறுவது, கூட்ட எண்ணிக்கையை மிகைப்படுத்துவது ஆகிய நான்கிலும் தங்களுக்குக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருப்பதில்லை என்பது அதில் ஒன்று. சென்னையில் பிறந்து உலகமெங்கும் பிரசங்கித்த ரவி சகரியாஸும் அதே கட்டுப்பாட்டைத் தாம் கடைப்பிடிப்பதாகச் சொல்லிவந்தார். 2020 மே மாதம் அவர் இறந்த பிறகு, 2021 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, அவர் பல ஆண்டுகள் பெண்களிடம் நடத்திய பாலியல் அத்துமீறல்களை வெளிப்படுத்தியது. 2017இலேயே குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் மறுத்ததை நம்பியதற்காக அவருடைய ஊழிய அமைப்பின் வாரியம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அது எவ்வளவு காலம் கடந்த மன்னிப்பு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. கட்டுப்பாட்டை அவரே வைத்திருந்தார், காத்ததாக அவரே சாட்சியும் சொன்னார். அவருடைய போனையும் பயணத்தையும் உடன் இருந்தவர்கள் போதிய அளவு கேட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு வெஸ்டரி ஏற்பாடு முதலில் பிடிக்கவில்லை. மினிட் புத்தகத்தைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். பணத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது. ஆனால் ஐயர்மாரின் தனிப்பட்ட நடக்கையைப் பற்றி ஒரு பெண் பயமில்லாமல் யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் சேகரத்தில் அதற்கு இன்னும் ஆள் இல்லை. உங்கள் சபைகளில் அப்படி யாரையாவது நியமித்திருந்தால், எப்படித் தெரிந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கமிட்டியில் வைக்கிறேன்.