புதுப்பிப்பு: செயின்ட் எமிலியோனில் வார இறுதி ஹோம்ஸ்டே

பிரான்சின் போர்தோ நகரில் படிக்கும் மாணவர், கார் இல்லாமல் ஒயினுக்குப் பேர்போன செயின்ட் எமிலியோன் ஊர்ப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் இரண்டு இரவு தங்குவது எப்படி, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "பக்கத்து ஊரான லிபூர்னில் இறங்கு" என்ற யோசனைதான். செயின்ட் எமிலியோன் நிலையம் ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. டாக்ஸி நிற்காது, ஞாயிறன்று ரயிலும் குறைவு. லிபூர்னுக்கு போர்தோ சென்-ழான் நிலையத்திலிருந்து அடிக்கடி ரயில் உண்டு, சுமார் அரை மணி நேரம். வீட்டுக்காரர் அங்கேயே வந்து அழைத்துப் போனார். எந்த ரயில் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. மீன், கோழி, சூப்பில் ஊற்றும் இறைச்சிச் சாறு, சாலட்டில் தூவும் பன்றித் துண்டு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். முட்டை, பாலாடைக்கட்டி சரியா என்பதையும் சேர்த்து எழுதினால் சமைப்பவருக்கு உதவி. ஊரின் பேர்போன மாக்கரோன் என்ற பாதாம் பிஸ்கட்டில் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

எதிர்பாராதது ஒயின் வைக்கும் நிலவறையின் குளிர். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். பாறையைக் குடைந்த தேவாலயத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்யுங்கள்.