பை தொடரைக் கண்டுபிடிச்சது லைப்னிஸா, நம்ம இரிஞ்சாலக்குடா மாதவனா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணன் பொண்ணு இங்க கேரளாவுல தமிழ் மீடியத்துல பிளஸ் டூ படிக்கறா. 1 − 1/3 + 1/5 − 1/7ன்னு போயி 4-ஆல பெருக்குனா பை (π, வட்டத்தோட சுற்றளவ விட்டத்தால வகுத்தா வர்ற எண்) வரும், அது லைப்னிஸ் தொடர்னு நான் சொல்லிக் குடுத்தேன். அவுங்க மாஷ் (வாத்தியார்) என்னடான்னா அது நம்ம ஊர்ப் பழைய கணித மேதை மாதவன் கண்டுபிடிச்சதுன்னு சொல்லிருக்காரு. ஊர்ப் பாசத்துல சொல்றதா, இல்ல நெசமாவே ஆதாரம் இருக்குதுங்களா?

வேலந்தாவளம் ரவி:
மாஷ் சொன்னது சரிதானுங்க. மாதவன் காலம் சுமார் 1340 - 1425, ஐரோப்பாவுல இதக் கண்டுபிடிச்ச கிரிகரி, லைப்னிஸ் எல்லாம் 1670-கள்ல. ஆனா யாரு முந்தின்னு நின்னுட்டா பெரிய விசயம் விட்டுப்போயிரும். அந்தத் தொடர் ரொம்ப மெதுவா நகரும், 100 டெர்ம் (உறுப்பு) கூட்டுனாலும் 3.1315தான் வரும், ரெண்டாவது தசம ஸ்தானமே தப்பு. மாதவன் வழி என்னன்னா, பாதில நிறுத்திட்டு மிச்சத்துக்கு ஒரு திருத்தம் சேர்க்கறது. 10 டெர்ம் மட்டும் கூட்டுனா 3.0418396 வருதுங்களா, அதோட 4 × 101 / (10 × 405) சேர்த்துப் பாருங்க, 3.1415927 வந்துரும்! இதுல 101ங்கறது 10 × 10 + 1, 405ங்கறது 4 × 100 + 5. எத்தன டெர்ம்ல நிறுத்தறீங்களோ அந்த எண்ண 10 இருக்கற எடத்துல போட்டுக்கலாம், ஒத்தப்படைன்னா சேர்க்கறதுக்குப் பதிலா கழிக்கணும். எனக்கு இதுதான் அந்த ஆளோட மேதைத்தனம்.

சித்தூர் டீச்சர்:
ஆதாரம் கேட்டீங்கல்ல தம்பி. மாதவன் தொடர் பத்தி எழுதுன நூல் கிடைக்கல, பின்னாடி வந்த சிஷ்யப் பரம்பரை அவர் பேரச் சொல்லி எழுதினதுதான் இருக்கு. விட்டம் 900000000000 ஆனா சுற்றளவு 2827433388233ன்னு ஒரு ஸ்லோகம் அவர் பேர்ல இருக்கு, எண்ணுக்குப் பதிலா சொல்லுங்க வரும், கண்ணுன்னா 2, யானைன்னா 8, வேதம்னா 4, நட்சத்திரம்னா 27ன்னு ஒன்னாம் ஸ்தானத்துலருந்து பின்னால படிச்சுட்டுப் போகணும். வகுத்துப் பாத்தா 3.14159265359. 1530 வாக்குல அந்தப் பரம்பரையில வந்த ஜ்யேஷ்டதேவன் யுக்திபாஷான்னு மலையாளத்துலயே எழுதினார், அதுல இந்தத் தொடர் எப்படி வருதுன்னு நிரூபணம் படிப்படியா இருக்கு, அதனால குருட்டாம்போக்குல கிடைச்சதுன்னு யாரும் சொல்ல முடியாது. மலபார்ல கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துல இருந்த சார்லஸ் விஷ் இதப் பத்தி எழுதின கட்டுரை 1834-ல வெளிவந்துச்சு, ஆனா வெளிய ரொம்ப காலம் யாரும் பெருசா கண்டுக்கல, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். இன்னொன்னு, இது ஏசு சபைப் பாதிரிமார் வழியா ஐரோப்பாவுக்குப் போச்சுன்னு சிலர் எழுதறாங்க, அதுக்கு நேரடி ஆதாரம் இதுவரைக்கும் கிடைக்கல, பிள்ளைங்க கிட்ட அத உறுதியா சொல்லிராதீங்க. லைப்னிஸ் தனியா கண்டுபிடிச்சார்னு வெச்சுக்கறதுல நமக்கு ஒன்னும் கொறைஞ்சிராது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க டீச்சர். பைங்கற குறி மட்டும் அப்ப வெளிய இருந்து வந்ததுங்களா?

வேலந்தாவளம் ரவி:
ஆமாங்க, அது 1706-ல வில்லியம் ஜோன்ஸ்ங்கற கணிதக்காரர் போட்டது, அப்பறம் பெரிய கணித மேதை ஆய்லர் எடுத்துக்கிட்டதால எல்லாப் பக்கமும் பரவிருச்சு. பாப்பாவ 20 டெர்முக்கு அந்தத் திருத்தத்தப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, கால்குலேட்டர் இருந்தாப் போதும்.