தொற்றுள்ள வயிற்றுப் பெருந்தமனி அன்யூரிசம்: ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கலாமா?

கேள்வி:
64 வயது, சர்க்கரை நோயாளி. மூன்று வாரமாகக் காய்ச்சல், முதுகுவலி. சி.டி.யில் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பைபோலப் பிதுங்கிய அன்யூரிசம் (தமனிச் சுவர் நலிந்து வீங்கிய இடம்), சுற்றிலும் திசு வீக்கம். வெடிக்கவில்லை. ரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) சால்மோனெல்லா பாக்டீரியா. திறந்த அறுவையை இதயம் தாங்காது. தொற்றுள்ள இடத்தில் ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனிக்குள் வைக்கும், துணி போர்த்திய உலோக வலைக்குழாய்) வைப்பது சரியா? எப்போது வைப்பது?

பதில் 1:
வைக்கலாம் சார். ஆனால் கிராஃப்ட் ரத்தக்கசிவைத்தான் தடுக்கும், கிருமி சுவரிலேயே இருக்கும். ஐரோப்பாவில் பல மையங்களில் இப்படிக் கிராஃப்ட் வைத்த 123 பேரைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 55%. தொற்றினால் இறந்தவர்கள் 23 பேர். அதில் 9 பேர் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திய பிறகு. சால்மோனெல்லா அல்லாத கிருமிகளில்தான் பிற்காலத் தொற்று மரணம் அதிகம், அந்த வகையில் உங்கள் நோயாளிக்குச் சற்று ஆறுதல்.

நிலையாக இருந்தால் முதலில் செஃப்ட்ரையாக்சோன் ஆன்டிபயாட்டிக் ஊசி 2 கிராம் தினமும். காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) இறங்கட்டும். சில நாளில் மறு சி.டி.; பை பெருத்தாலோ வலி கூடினாலோ காத்திருக்க வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பக்கம் போகாதீர்கள்: நம்மூர் சால்மோனெல்லா அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை, தவிர அன்யூரிசம் உள்ளவர்களுக்கு அந்த வகை மருந்தைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

பதில் 2:
அளவு எடுக்கும்போது கவனம். தமனி விட்டத்தைவிட 10-20% பெரிய கிராஃப்ட் போதும். அதற்கு மேல் போனால் நைந்த சுவர் கிழியும். பலூனையும் மெதுவாகவே ஊதுங்கள். கிராஃப்ட் முனை வீக்கமில்லாத சுவரில் உட்கார வேண்டும், 20 மி.மீ. கிடைத்தால் நிம்மதி. பை சிறிதாக, இரு பக்கமும் இடம் இருந்தால் இரு கால்களாகப் பிரியாத நேர்க்குழாய் கிராஃப்டே நல்லது. உள்ளே போகும் அந்நியப் பொருள் குறையும். முதுகெலும்பை ஒட்டிய சோயாஸ் தசையில் சீழ் இருந்தால் தோல்வழி வடிகுழாய் போட்டு எடுத்துவிடுங்கள்.

கிராஃப்டை ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் ஊறவைப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு எதிராகத்தான் எடுபடும். டேக்ரான் துணியாலான கிராஃப்ட் அதை உறிஞ்சும், பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்காலானது அவ்வளவாக உறிஞ்சாது. சால்மோனெல்லாவில் அதை நம்பி இருக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. மருந்தை எப்போது நிறுத்துவது?

பதில் 1:
நரம்புவழி குறைந்தது 6 வாரம், பிறகு மாத்திரை 6-12 மாதம். கிராஃப்ட் உள்ளேயே இருப்பதால் பலர் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார்கள். 1, 3, 6, 12ஆம் மாதங்களில் சி.டி. கிராஃப்டைச் சுற்றிப் புதிதாகக் காற்றுக்குமிழ், கருப்பு மலம், ரத்த வாந்தி என்றால் தமனிக்கும் குடலுக்கும் இடையே துளை விழுந்ததாகவே எண்ணி உடனே ஓடுங்கள்.

பதில் 3:
ஒரு இடைச்செருகல். இதே அறிகுறிகளோடு வரும் ஒருவருக்கு லேப் ‘சூடோமோனாஸ்’ (வேறொரு பாக்டீரியா) என்று எழுதி அனுப்பினால் அப்படியே ஏற்காதீர்கள். கிருமி ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மசிந்தால் அது மெலியாய்டோசிஸாக (மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் தொற்று) இருக்கலாம். சர்க்கரை நோயாளி, வயல் வேலை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். அதற்கு செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் 8 வாரம், பிறகு கோட்ரைமாக்சசோல் 6 மாதமாவது. ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயலைக் காட்டும் அளவு) பார்த்துக்கொண்டே.