ஒரே கட்டி, ஒரே கீறல்: 10060-ஆ, 10061-ஆ?

காட்பாடி கோடர்:
மெடிக்கல் கோடிங்ல, அதாவது டாக்டர் செஞ்ச வேலைக்கு இன்ஷூரன்ஸ் பில்லுக்கான எண் போடுறதுல, ஒரு சந்தேகம். அமெரிக்க கிளினிக் சார்ட் (பேஷண்ட் பதிவு). வலது அக்குள்ல 3 செ.மீ. சீழ்க்கட்டி. லிடோகெய்ன் போட்டு மரக்க வச்சு, 11-ம் நம்பர் பிளேடால ஒரே கீறல். உள்ளே அறை அறையா நின்ன சீழை ஹீமோஸ்டாட் விட்டு உடைச்சு, சலைனால கழுவி, கால் இன்ச் அயோடோஃபார்ம் காஸ் திணிச்சிருக்கார். கல்ச்சரும் எடுத்திருக்கார். டாக்டர் போட்டது சீழ்க்கட்டி கீறுறதுக்கான 10061, கூடவே 99213-25 (99213 விசிட்டுக்கான கோட்; 25 அந்த விசிட் தனின்னு காட்டுற மாடிஃபையர், அதாவது கோட் பின்னால சேர்க்கிற எண்). ஆடிட்டர், "ஒரே கட்டி, 10060 தான்; விசிட்டும் நிக்காது"ன்னு திருப்பிட்டார். உங்க கருத்து என்னங்க?

சத்துவாச்சாரி அக்கா:
தம்பி, முதல் விஷயத்துல டாக்டர் சரி, ரெண்டாவதுல ஆடிட்டர் சரி.

10060 எளிய கட்டிக்கு அல்லது ஒரே கட்டிக்கு. 10061 சிக்கலானதுக்கு அல்லது பல கட்டிக்கு. நடுவுல இருக்கிற "அல்லது"வை விட்டுடாதீங்க. ஒரே கட்டி சிக்கலா இருந்தாலும் 10061 தான். எது சிக்கல்னு சிபிடி (சிகிச்சைக் கோட்) புத்தகம் அளவு சொல்லல, டாக்டரோட தீர்மானத்துக்கு விட்டிருக்கு. அதனால 3 செ.மீ.யா 5 செ.மீ.யான்னு பார்த்து முடிவு பண்ண முடியாது. இந்த நோட்ல அறைகளை உடைச்சது தெளிவா இருக்கு. அந்த வரியை மேற்கோள் காட்டி அப்பீல் போடுங்க.

99213 வேற கதை. 10061-க்கு குளோபல் (பின்கவனிப்பும் அதே பில்லுல அடங்குற காலம்) 10 நாள், அதாவது மைனர் ப்ரொசீஜர். கட்டியைப் பார்த்து "கீறிடலாம்"னு அன்னைக்கே முடிவெடுத்த விசிட் அதுக்குள்ளேயே அடங்கிடும். புது பேஷண்ட்டா இருந்தாலும் அதே விதி. அதே நாள்ல சர்க்கரையையும் தனியா பார்த்து மருந்து மாத்தியிருந்தா 25 நிக்கும். லிடோகெய்ன் ஊசி, ஸ்வாப் எடுத்தது எதுக்கும் தனி பில் கிடையாது. 87070 லேப் போடுறது.

ராணிப்பேட்டை ஆடிட்:
அக்கா சொன்னதோட ஒன்னு. வேலூர்ல கைமாறுற கோச்சிங் நோட்ஸ்ல "பேக்கிங் இருந்தா 10061"னு ஒரு வரி இருக்கு. அதை மட்டும் நம்பி போடாதீங்க. சின்னக் கட்டியிலயும் பழக்கத்துல காஸ் திணிப்பாங்க. வெறும் பேக்கிங்கை ஏத்துக்காத பேயர் (பில்லுக்குப் பணம் தர்ற இன்ஷூரன்ஸ்) உண்டு. அறை உடைச்சது, ஒன்னுக்கு மேல கீறல், ட்ரெயின் வச்சது, ஆழமா துழாவினதுன்னு இன்னொன்னு நோட்ல வேணும். எதுவும் இல்லன்னா டாக்டருக்கு க்வெரி அனுப்புங்க, நாமளா ஊகிக்கக் கூடாது. ரெண்டு கட்டி கீறினா 10060-ஐ ரெண்டு தடவை போடாம 10061 ஒரு யூனிட்.

பிளேடே படாம, அமுக்கினதுல சீழ் தானா வந்திருந்தா இந்தக் கோட் ரெண்டுமே வராது, விசிட் மட்டும் தான். ஊசியால உறிஞ்சினா 10160. ரத்தக்கட்டைக் கீறி எடுத்தா 10140.

இந்த அக்குள் கட்டிக்கு டயக்னோசிஸ் கோட் (ஐசிடி) எல்02.411. டாக்டர் ஹைட்ராடினைட்டிஸ்னு (அக்குள் மாதிரி இடத்துல திரும்பத் திரும்பக் கட்டி வர்ற நோய்) எழுதியிருந்தா எல்73.2, அதுல வலது இடது கிடையாது.

காட்பாடி கோடர்:
நன்றிக்கா, நன்றிங்க. இன்னொரு சார்ட்ல ஆள்காட்டி விரல் கட்டி. அதுவும் 10060 தானே?

சத்துவாச்சாரி அக்கா:
விரல்ல தான் நிறைய பேர் சறுக்குறாங்க. நகச்சுத்தி, அதாவது நக ஓரச் சீழ்னா 10060. விளக்கத்துலயே பரோனிக்கியா இருக்கு. விரல் நுனிச் சதைக்குள்ள சீழ் கோத்து ஃபெலன்னு எழுதியிருந்தா 26011. வலது கைன்னா ரெண்டுக்குமே டயக்னோசிஸ் எல்03.011 தான். ஐசிடியைப் பார்த்து சிபிடியைப் பிடிக்க முடியாது, கீறின இடத்தை நோட்ல தேடணும். ஆசனவாய் ஓரம் மேலோட்டமா இருந்தா 46050, பைலோனிடல்னா (வால் எலும்புப் பக்கக் கட்டி) 10080 இல்ல 10081. உடம்புப் பகுதிக்குன்னு தனிக் கோட் இருந்தா 10060-ஐத் தொடக் கூடாது.

காட்பாடி கோடர்:
அக்குள் பேஷண்ட் மூணாம் நாள் பேக்கிங் எடுக்க வந்திருக்கார். 99212 போடலாமா?

ராணிப்பேட்டை ஆடிட்:
அதே டாக்டரோ, அதே குரூப்ல அதே ஸ்பெஷாலிட்டி டாக்டரோ பார்த்தா முடியாது, 10 நாளுக்குள்ள அடங்கிடும். வேற பிரச்சினைக்கு வந்திருந்தா 24 மாடிஃபையரோட விசிட் போடலாம். அதே இடத்துல மறுபடி சீழ் கட்டி கிளினிக்லயே திறந்தாலும் மெடிகேர் (அமெரிக்க அரசு காப்பீடு) தராது. ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோனா தான் 78 மாடிஃபையர் போட்டு அனுப்பலாம். இடது அக்குள்ல புதுசா வந்து கீறினா 79 மாடிஃபையர், டயக்னோசிஸும் எல்02.412-ஆ மாறணும். பழைய 411-ஐயே காப்பி பண்ணி அனுப்பினா க்ளெய்ம் டினை ஆகித் திரும்பும்.