பூண்டுத் தாத்தாவின் முகம் கொழுக்கட்டையாகவே நிற்கிறது, அடுத்து என்ன செய்வது?

பூம்பாறைப் பொடியன்:
வணக்கம். பிளெண்டரில் (கணினியில் முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள்) ஒரு பெரியவரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் படிக்கட்டு வயல் ஓரத்தில், பூண்டு மூட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருப்பவர். தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர். 12 செ.மீ. உயரத்துக்கு ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) முப்பரிமாண அச்செடுத்து, கொடைக்கானலில் மாமா கடையில் மலைப்பூண்டுப் பக்கத்திலேயே விற்பனைக்கு வைக்க ஆசை.

முதல் கட்டம் சுலபமாகவே வந்தது. உருண்டைகளை இழுத்து, வாக்சல் ரீமெஷ் (மேற்பரப்பு வலையைச் சம அளவுக் கட்டங்களாகத் திரும்பக் கட்டுவது) போட்டு, உட்காரும் தோரணை வரை கொண்டுவந்துவிட்டேன். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆள் தெரிகிறார். பக்கத்தில் போனால் கொழுக்கட்டை. 30 லட்சம் பாலிகன் (அந்த வலையின் குட்டித் துண்டுகள்) வரை ஏற்றிச் சுருக்கமெல்லாம் கீறினேன். இப்போது கோடு போட்ட இளைஞராக இருக்கிறார். லேப்டாப்பில் 8 ஜிபிதான், திணறுகிறது. படம் இணைத்திருக்கிறேன். இனி எங்கே கை வைப்பது?

குன்னூர் களிமண்:
தம்பி, தோரணை அருமை, அதைத் தொடாதீர்கள். சுருக்கங்களை மட்டும் அழித்துவிடுங்கள். ஆமாம், மொத்தத்தையும். வாக்சல் அளவைப் பெரிதாக்கி கன்ட்ரோல் ஆர் போட்டால் தானே போய்விடும். தலை மட்டும் 25,000 பாலிகனுக்கு இறங்கட்டும். அந்த அளவிலேயே கிழவராகத் தெரியாதவர் 30 லட்சத்திலும் தெரியமாட்டார்.

கோடுகளுக்கு முன்னால் வயதைக் காட்டுகிற இடங்கள் வேறு. நெற்றிப்பொட்டில் குழி விழும். கண்குழி அகலும். கன்னத்துச் சதை இறங்கி, மூக்கோரத்தில் இருந்து வாய்க்கு வரும் மடிப்பின் மேல் வந்து தங்கும். பல் கொட்டியவர் என்றால் தாடை மேலே ஏறி, மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி குறையும், உதடு உள்ளே மடியும். உங்கள் தாத்தாவின் வாயில் 32 பல்லும் இருக்கிறது, படத்திலேயே தெரிகிறது! பிடித்து நகர்த்தும் கிராப் பிரஷ்ஷைப் பெரிதாக்கி மோவாயை மேலே தள்ளிப் பாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

அடுத்து, ஷிஃப்ட் விசையை விட்டு விரலை எடுங்கள். அதை அழுத்தி ஒவ்வொரு கீறலுக்கும் ஸ்மூத் (வழவழப்பு) கொடுத்தால் எலும்பெல்லாம் கரைந்துவிடும். ஸ்க்ரேப் பிரஷ் எடுத்துப் புருவ மேடு, கன்ன எலும்பு, தாடைக் கோணம் மூன்றையும் பட்டையாகச் சீவுங்கள். நெற்றி எங்கே முடிந்து பக்கவாட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். ஓவியர் ஜான் அசாரோ செய்த, முகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் தலையின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் அது அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவேண்டும்.

விழியைத் தனி உருண்டையாக, தனி ஆப்ஜெக்டாக வையுங்கள். முகத்தோடு சேர்த்து ரீமெஷ் செய்தால் இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளும். இமைக்குத் தடிப்பு வேண்டும். காகிதம் மாதிரி விடாதீர்கள்.

குல்லா! அடியில் மண்டையே இல்லை என்று நினைக்கிறேன், புருவத்துக்கு மேலேயே தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. முழு மண்டை, காது இரண்டையும் செய்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

இன்னொன்று, மாதிரிக்கு எடுத்த படம் போனைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்தது போலிருக்கிறது. மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிட்டது. மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். நேர் பார்வையோடு முக்கால், பக்கவாட்டு இரண்டும் வேண்டும். பிளெண்டர் பார்வையின் ஃபோகல் லெங்த்தும் (லென்ஸின் குவியத் தூரம்) 50 மி.மீ.யில் இருக்கும், 100க்கு ஏற்றிவிடுங்கள்.

கோத்தகிரி ரெசின்:
அக்கா சொன்னதற்கு மேல் அச்சுக் கணக்கு ஒன்று. தரையில் உட்கார்ந்தவருக்குத் தலை என்பது மொத்த உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. 12 செ.மீ. என்றால் தலை 3 செ.மீ. நிஜத்தில் 1 மி.மீ. ஆழமுள்ள சுருக்கம் இதில் 0.13 மி.மீ. ஆகிவிடும். 0.05 மி.மீ. அடுக்கில் அச்செடுத்தால் மூன்று அடுக்குக்கூட வராது, மேலே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பூச்சு) அடித்தால் அதுவும் போச்சு. ஆகவே தோல் துளை, கம்பளி நூல் இதிலெல்லாம் நேரத்தைக் கொட்டாதீர்கள். பெரிய மடிப்புகளை நிஜத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஆழமாக வெட்டுங்கள். திரையில் மிகையாகத் தெரியும், கையில் எடுத்தால் சரியாக இருக்கும். உடம்பை 2 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்து, அடியில் ரெசின் வடியத் துளை வையுங்கள்.

மார்கழிக் குளிரில் அச்செடுக்க நினைத்தால் ரெசின் தடித்துப் படுத்தும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றுவேன். பூம்பாறையில் இன்னும் மோசமாக இருக்குமே.

பூம்பாறைப் பொடியன்:
அக்கா, மோவாயை ஏற்றினேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்! மண்டை விஷயமும் சரிதான், குல்லாவுக்குள் வெறும் காற்றுதான் இருந்தது. சிமெட்ரியை (ஒரு பக்கம் செய்தது மறுபக்கமும் விழுவது) எப்போது அணைப்பது? மறுபடி பாலிகனை எப்படி ஏற்றுவது?

ஊட்டிக் குளிர்:
சிமெட்ரி கடைசி வரை இருக்கட்டும். பாதி வேலை மிச்சம்.

குன்னூர் களிமண்:
ஊட்டிக்காரர் சொல்வது வீடியோ கேம் பாத்திரத்துக்குப் பொருந்தும், அதை எலும்புக்கூட்டோடு பொருத்தி அசைக்கவேண்டும். மூட்டையில் சாய்ந்து உறைந்த உருவத்துக்குச் சிமெட்ரி தேவையில்லை. பட்டைகள் திருப்தியாக வந்ததும் அணைத்துவிடுங்கள். சாய்ந்த பக்கத்துக் கன்னம் கொஞ்சம் ஒதுங்கட்டும், ஒரு இமை இறங்கட்டும்.

ஏற்றுவதற்கு: குவாட் ரீமெஷ் (வலையை நாற்கரங்களாக அடுக்குவது) செய்து 25,000 பாலிகன் வைத்துக்கொண்டு மல்டிரெஸ் (வலையைப் படிப்படியாக நுணுக்கமாக்கும் வசதி) போடுங்கள். ஒவ்வொரு படிக்கும் நாலு மடங்கு, அதாவது 1 லட்சம், 4 லட்சம், 16 லட்சம். உங்கள் அச்சுக்கு 4 லட்சம் போதும், லேப்டாப்பும் மூச்சு விடும். மல்டிரெஸ் போட்டபிறகு வாக்சல் பக்கம் போகக்கூடாது. சுருக்கம் தசை ஓடும் திசைக்குக் குறுக்கே விழும்: நெற்றித் தசை மேலும் கீழுமாக ஓடுவதால் கோடு படுக்கையாக வருகிறது. கண்ணைச் சுற்றி வளையும் தசைக்குக் கோடு விசிறியாக விரியும். கிரீஸ் பிரஷ்ஷால் வெட்டிவிட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள சதையைக் கொஞ்சம் இன்ஃப்ளேட் செய்து உப்பவையுங்கள்.

இதெல்லாம் அடுத்த வாரம். முதலில் குல்லா இல்லாமல் பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்கள், காது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.