குடும்பக் குழுவில் ஒரு சிலைப் படம்

அண்ணன் (பிலடெல்பியா): [படம்] லிங்கன் ஃபைனான்ஷியல் மைதானத்துக்கு வெளியே. நேற்று எடுத்தது.

பெரியப்பா: ஹெல்மெட் போட்டவர் ஆட்டக்காரர், தெரிகிறது. எதிரே நிற்பவர் யாரப்பா?

அண்ணன்: கோச், டக் பீடர்சன். இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதிப் போட்டிக் கோப்பையை, வாங்கிக் கொடுத்தவர்.

பெரியப்பா: ஆடுகிற காலத்தில் பெரிய புலியாக இருந்திருப்பாரே?

அண்ணன்: அதுதான் இல்லை. கிரீன் பே அணியில் பிரெட் ஃபாவ்ருக்கு மாற்று குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். ஃபாவ்ரோ அடிபட்டாலும் உட்காராத மனிதர்! 1999இல் இதே பிலடெல்பியா இவரை முதல் 9 ஆட்டங்களில் இறக்கியது. 2 வெற்றி, 7 தோல்வி. ரசிகர்கள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். புதுப் பையன் மெக்நாப் உள்ளே, இவர் பெஞ்சுக்கு.

சித்தி: ஃபுட்பால் என்றால் காலால்தானே? ஏன் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்?

நான்: சித்தி, அதை ஆரம்பித்தால் இன்று சமையல் ஆகாது.

பெரியப்பா: நீ சொல்லப்பா. அப்புறம்?

அண்ணன்: ஓய்வு பெற்றதும் லூசியானாவில், ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில், பள்ளிக்கூடப் பையன்களுக்கு 4 வருடம் கோச். 2009இல் பழைய கோச் ஆண்டி ரீட் கூப்பிட்டு உதவியாளர் வேலை கொடுத்தார். 2016இல் ஈகிள்ஸின் தலைமை கோச்.

நான்: அந்த சூப்பர் பவுல் ஆட்டத்தைச் சொல் அண்ணா.

அண்ணன்: 2018 பிப்ரவரி, மினியாபொலிஸ். முதல் குவாட்டர்பேக் வென்ட்ஸுக்கு டிசம்பரிலேயே முழங்கால் போய்விட்டது. ஆடியது மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ், ஹெல்மெட் போட்டிருப்பவர். முதல் பாதி முடியப் போகிறது, எதிரணி எல்லைக் கோட்டுக்கு ஒரு கெஜம், கடைசி வாய்ப்பு. பந்தை உதைத்தால் 3 பாயிண்ட் நிச்சயம்.

சித்தி: பார்த்தாயா, உதைக்கவும் செய்கிறார்கள்!

அண்ணன்: ஆனால் உதைக்கவில்லை சித்தி. ஃபோல்ஸே வந்து ஒரு வித்தை ஆட்டத்தைக் கேட்டார். கோச் ஒரு நொடி யோசித்துவிட்டு, சரி என்றார். எப்போதும் எறிகிறவர் ஓடிப்போய் நிற்க, சக ஆட்டக்காரர் டிரே பர்ட்டன் எறிந்ததைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்து டச் டவுன்! கடைசியில் எதிரணி பேட்ரியட்ஸை 41-33 என்று முடித்தார்கள். சிலை அந்தப் பேச்சுதான்.

பெரியப்பா: பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் பெஞ்சில் இருப்பவன் அருமை தெரியும். ஆபீஸ் கிரிக்கெட்டில் நானும் பன்னிரண்டாவது ஆள்தான். என்னை யாரும் கோச் ஆக்கவில்லை.

சித்தி: தண்ணீர் பாட்டிலையும் பாதி வழியில் நீங்களே குடித்தால்?

நான்: 😂 அண்ணா, பீடர்சன் இப்போதும் அங்கேதானா?

அண்ணன்: இல்லை. 2020 சீசன் மோசம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஜாக்சன்வில் அணிக்குப் போனார். அங்கேயும் மூன்று சீசன்தான்.

சித்தி: அடப்பாவமே. சிலையையும் தூக்கிவிடுவார்களா?

அண்ணன்: சித்தி, படம் நேற்று எடுத்தது.