ரோக் ட்ரேடர் படம் பார்த்தேன், லண்டன்காரர் ஏன் கேட்கவே இல்லை?

உப்புவெளியான்:

1999 இல் வந்த ரோக் ட்ரேடர் படத்தை நேற்று இரவுதான் பார்த்து முடித்தேன். யூவன் மெக்ரிகர் நிக் லீசனாக நடித்தது. 1762 இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி, இங்கிலாந்து மகாராணிக்கே கணக்கு வைத்திருந்த வங்கி, 1995 பெப்ரவரியில் சிங்கப்பூர்க் கிளையில் சந்தை வியாபாரம் பார்த்த இந்த லீசன் என்ற ஒரே ஒருவரால் படுத்துவிட்டது. நட்டம் 827 மில்லியன் பவுண். அந்தக் கோடு போட்ட சட்டையும் கூச்சலும் கைச்சைகையும் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு நித்திரை வராமல் செய்தது வேறு விஷயம். ஆளுக்கு 28 வயதுகூட ஆகவில்லை. 88888 என்று ஒரு கணக்கைத் திறந்து இரண்டரை வருஷத்துக்கு மேல் நட்டத்தை அதற்குள் போட்டு ஒளித்து வைக்கிறார், லண்டன் தலைமையகத்திடம் காசு கேட்கக் கேட்க அவர்களும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குமா விளங்கவில்லை? வங்கியில் வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி, ஒரு வருஷமாகப் போனில் தங்கம் வாங்கி விற்கிறான், கடையில் விற்கும் தங்கம் இல்லை, விலை ஏறுமா இறங்குமா என்று பிடிப்பது. கொஞ்சம் காசு போயிருக்கிறது, அடுத்த முறை இரட்டிப்பாகப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்கிறான். நானும் இரண்டு தடவை காசு கொடுத்தேன். படம் பார்த்ததிலிருந்து மனம் ஒரு மாதிரி இருக்கிறது.

பழைய காசாளர்:

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன், மூதூரிலும் பட்டினத்திலும் வேலை செய்திருக்கிறேன். எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று முகாமையாளரிடம், மற்றது என்னிடம். முகாமையாளர் எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் என் சாவியைக் கேட்கமாட்டார், கேட்டாலும் நான் கொடுக்கமாட்டேன், அதில் கோபிக்க ஒன்றுமில்லை. லீசனிடம் இரண்டு சாவியும் இருந்தது. சந்தையில் நின்று வாங்கி விற்றதும் அவர், பின்கட்டில் அதைக் கணக்கில் பதிந்து சரிபார்த்ததும் அவருடைய ஆட்கள். இது ஆபத்து, பிரிக்க வேண்டும் என்று 1994 இல் அவர்களுடைய உள்ளகக் கணக்காய்வே எழுதிக் கொடுத்தது. ஒருவரும் பிரிக்கவில்லை.

ஏன் காசு அனுப்பினார்கள் என்று கேட்கிறீர்கள். ஒரே ஒப்பந்தத்துக்கு ஜப்பானின் ஒசாக்காச் சந்தையில் ஒரு விலை, சிங்கப்பூரில் ஒரு விலை, இரண்டுக்கும் நடுவில் ஆபத்தில்லாமல் லாபம் எடுக்கிறார் என்று நம்பினார்கள். அந்த லாபத்தை வைத்துத்தான் மேலே உள்ளவர்களுக்கு போனஸ். அப்படிப்பட்ட லாபத்தைக் கிளறிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? 88888 கணக்கின் விவரம் லண்டனுக்குப் போகாதபடியும் செய்திருந்தார். உண்மையில் அவர் ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு பெரிதாக அசையாது என்ற நம்பிக்கையில், அது பெரிதாக ஏறினாலோ இறங்கினாலோ வாங்கியவருக்கு நான் தருகிறேன் என்று முன்காசு வாங்கும் ஒப்பந்தங்களை, ஒப்ஷன் என்பார்கள், இரண்டு பக்கமும் விற்று, வந்த காசால் பழைய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். 1995 ஜனவரி 17 விடியற்காலை ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம். சந்தை விழ விழ, நான் வாங்கியே தூக்கி நிறுத்துகிறேன் என்று இன்னும் வாங்கினார்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற இடம் ஒன்று உண்டு. கணக்கில் 7.8 பில்லியன் யென் இடிக்கிறது, கணக்காய்வாளர் கேட்கிறார்கள். கத்தரிக்கோலும் பசையும் வைத்துக் கையெழுத்தை ஒட்டி ஒரு கடிதம் செய்து, தன் வீட்டுத் தொலைநகலில் அனுப்புகிறார். தாளின் மேலே அந்த வீட்டு இயந்திரம் தானாக அடித்த வரி: நிக், லீசாவிடமிருந்து. லீசா அவர் மனைவி. வேறொரு நிறுவனத்தின் கடிதம் என்று கொடுத்த தாளில் அவர் வீட்டுப் பெயர்! அதையும் வாங்கிக் கோப்பில் போட்டார்கள். தாளின் தலைப்பைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும் தம்பி.

விட்டவன்:

அண்ணா, உங்கள் தம்பி செய்வதை நானும் செய்தேன், அதனால் எழுதுகிறேன். 1:100 என்று, அதாவது கைக்காசைப் போல நூறு மடங்குக்குப் பிடிக்கலாம் என்று வைத்தால், கையில் உள்ள 100 டொலருக்கு 10,000 டொலர் பெறுமதியான தங்கம் பிடிக்கலாம். விலை ஒரு சதவீதம் எதிர்ப்பக்கம் போனால் அந்த 100 முழுதும் போய்விடும். தங்கம் ஒரு நாளிலேயே அவ்வளவு அசையும். முதலில் எனக்குப் போனது பெரிய காசில்லை, வீட்டில் சொல்லியிருந்தால் இரண்டு நாள் பேச்சு வாங்கிவிட்டு முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதை எடுக்க மனைவியின் சங்கிலியை அடைவு வைத்தேன், அதை மீட்க வட்டிக்கு வாங்கினேன். அடைவுத் துண்டை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இன்சூரன்ஸ் தாளுக்குள் மடித்து வைத்திருந்தேன். பொலிஸ் மறித்த அன்று தாளை எடுக்கச் சொன்னபோது அவள்தான் எடுத்தாள். அந்தத் துண்டை விரித்துப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் திரும்ப மடித்து என் கையில் தந்தாள்.

லீசனுக்கும் 88888 இல் முதலில் விழுந்த பிழைகளில் ஒன்று ஏறக்குறைய 20,000 பவுண். புதிதாக வந்த பிள்ளை வாங்கச் சொன்னதை விற்றுவிட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

டச்பே நிலா:

எனக்கு லீசாவின் பக்கம்தான் தெரிந்தது. பிறகு சிறைக்குப் போன லீசனைப் போய்ப் பார்க்க வசதி என்று விமானப் பணிப்பெண் வேலைக்குச் சேர்ந்தவர், கடைசியில் அவர் உள்ளே இருக்கும்போதே பிரிந்துவிட்டார்.

உப்புவெளியான் அண்ணா, குறை நினைக்காதீர்கள், நீங்கள் இரண்டு தடவை காசு கொடுத்தேன் என்று எழுதியதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எதற்கென்று கேட்டீர்களா, கணக்கைக் காட்டச் சொன்னீர்களா? லண்டன் செய்ததும் அதைத்தானே. மூன்றாம் முறை கொடுக்காதீர்கள். ஏசவும் வேண்டாம், ஏசினால் இன்னும் ஒளிப்பான். போனைத் திறந்து தொகையைக் காட்டு என்று மட்டும் கேளுங்கள், சித்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உப்புவெளியான்:

தங்கச்சி, வாசித்தவுடன் சுட்டது, ஆனால் சரி. இன்று பின்னேரம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணித்தியாலம் வேறு கதை கதைத்தான். அப்புறம் போனைத் திறந்து மணலில் வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அவன் எனக்குச் சொன்ன நட்டத்தின் மூன்று மடங்கு. சித்தியின் சீட்டுக்காசும் அதற்குள் போயிருக்கிறது, அவவுக்கு இன்னும் தெரியாது. இன்னும் திறந்திருந்த ஒன்றை அங்கேயே, என் முன்னாலேயே, நட்டத்தோடு மூடச் சொன்னேன். மூடினான். கை நடுங்கியது.

நாளைக்குக் காலையில் இரண்டு பேருமாகச் சித்தியிடம் போகிறோம். காசாளர் ஐயா, இவன் கடன்பட்டிருக்கும் வட்டிக்காரரிடம் தவணை பேசும்போது என்ன எழுதி வாங்க வேண்டும் என்று தெரிந்தால் இன்று இரவே எழுதிவிடுங்கள்.